கண்ணாடிக்குள் அடைபட்ட சூடு: கண்ணாடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் அலுமினியம், கண்ணாடி வேலை செய்யும் கடைகளுக்கு ஒவ்வொரு வருடமும் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பையன்கள் வந்து சேருகிறார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுத் தோட்டங்களிலிருந்தோ, தோட்டம் போய்த் தாமானாக (குடியிருப்பாக) ஆகிவிட்ட இடங்களிலிருந்தோ வருகிறவர்கள். அளவெடுப்பது, கட்டர் பிடிப்பது, சிலிக்கான் அடிப்பது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். ஆனால் கண்ணாடி ஏன் உடைகிறது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. "உடஞ்சது உடஞ்சதுதான், அடுத்ததை எடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கும் அப்படித்தான் முடிந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வீட்டுக் குளியலறைக்குப் பத்து எம்.எம். கண்ணாடிக் கதவு மாட்டப் போயிருந்தோம். கதவு வேண்டியதை விட நான்கு எம்.எம். அகலம் கூடுதலாக வந்துவிட்டது. மூத்தவர் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தால் போதும் என்று நினைத்து கிரைண்டரை வைத்தேன். ஒரே ஒரு வெடிச்சத்தம். சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவு காணோம். என் பூட்ஸ் மூடும் அளவுக்கு உப்புக்கல் போலக் கண்ணாடித் துண்டுகள். அந்தக் குவியல் சிறிது நேரம் படபடவென்று பொரிந்துகொண்டே இருந்தது. அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. உடைந்து விழுந்த பிறகும் உள்ளே ஏதோ தீராமல் இருந்தது.

திரும்பி வந்த மூத்தவர் திட்டவில்லை. "தம்பி, அதுக்குள்ள சூட்டை அடைச்சு வச்சிருக்கான். நீ தாழ்ப்பாளைத் தொறந்துட்ட" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. கண்ணாடி தான் பட்ட சூட்டையும் தன்மேல் விழுந்த அழுத்தத்தையும் உள்ளேயே வைத்திருக்கும். வெளியே பார்த்தால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான். கையில் எடுக்கும் முன்பு அந்தத் துண்டு எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில்: கண்ணாடி என்றால் என்ன

இதற்கு அதிக நேரம் வேண்டாம், ஆனால் தாண்டிப் போகவும் கூடாது.

சன்னல் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணல், அதாவது சிலிக்கா. அதோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்கின்றன. ஈப்போவிலிருந்து நம் ஊருக்கு வரும் வழியில் தெரியும் சுண்ணாம்பு மலைகளையும், பழைய ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் மணலையும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் அப்பா அம்மா அவைதான் என்று பேராக்காரர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மணல் துகளுக்குள் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். அந்த ஆக்சிஜன்கள் பக்கத்துச் சிலிக்கானையும் பிடித்துக்கொண்டிருக்கும். மணலில் இந்த அமைப்பு நம் கித்தாக் காடு (ரப்பர் தோட்டம்) மாதிரி. எந்த மரத்தடியில் நின்று பார்த்தாலும் நிரை நேராகப் போகும். கண்ணாடி பெருங்காடு மாதிரி. மரம் அதே மரம், பக்கத்து மரத்துக்கு இடைவெளியும் ஏறக்குறைய அதேதான், ஆனால் நிரை கிடையாது. கண்ணாடியின் அணுக்கள் இப்படி நிரையில்லாத வலையாகக் கோத்திருக்கின்றன என்று 1932-இல் சக்கரியாசென் என்ற விஞ்ஞானி எழுதினார். இன்றும் அந்தப் படம்தான் அடிப்படை.

நிரை ஏன் அமையவில்லை? நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருகிய குழம்பு குளிரும்போது கெட்டியாகிக்கொண்டே வருகிறது. அணுக்கள் வரிசையில் போய் நிற்பதற்கு முன்பே அசைய முடியாமல் போய்விடுகின்றன. நின்ற இடத்தில் நின்றபடி உறைந்துவிடுகின்றன. மெதுவாகக் குளிர்ந்தால் கொஞ்சம் நெருங்கி உறையும். வேகமாகக் குளிர்ந்தால் கொஞ்சம் இடம் விட்டு உறையும். அதனால் ஒரே குழம்பில் எடுத்த இரண்டு துண்டுகள் குளிர்ந்த வேகத்தைப் பொறுத்து அடர்த்தியில்கூட சிறிது வேறுபடும்.

"கண்ணாடி மெதுவாக ஓடுகிற திரவம், அதனால்தான் பழைய கட்டடங்களில் அடிப்பக்கம் தடிப்பாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் கண்ணாடியைத் தட்டையாக்கிய முறையிலேயே தடிமன் ஒரே சீராக வராது. நம் வீட்டு வெப்பத்தில் கண்ணாடி ஓடுவதில்லை.

இரண்டாவது: சூட்டின் படிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

சாதாக் கண்ணாடிக்கு உரிய எண்கள் இவை. கண்ணாடியின் கலவையைப் பொறுத்து பத்து இருபது டிகிரி முன்னே பின்னே இருக்கும்.

500 டிகிரிக்குக் கீழே கண்ணாடி கல் மாதிரி. உள்ளே இருக்கும் எந்த இழுப்பும் தளராது. 510 அளவில் மெல்லத் தளரத் தொடங்கும். 545 அளவில் சில நிமிடங்களில் உள்ளிழுப்பு தீர்ந்துவிடும். ஆலையில் கண்ணாடியை இந்தச் சூட்டிலிருந்து பொறுமையாக இறக்குவார்கள். 620-லிருந்து 650 வரை போனால் டெம்பர் செய்ய, அதாவது சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்த, பக்குவமாகும். 720-க்கு மேல் தன் எடையிலேயே தொய்யும். 1000 டிகிரியில் தேன் மாதிரி இழுபடும்.

நம் கடைக்கு வரும் தட்டைக் கண்ணாடி உருகிய ஈயத்தின் (காரீயம் அல்ல, வெள்ளீயம்) மேல் மிதந்து தட்டையானது. பில்கிங்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்த முறையை 1959-இல் அறிவித்தார். ஆயிரம் டிகிரிக்கு மேலான சூட்டில் ஈயக்குளத்தில் இறங்கும் கண்ணாடி, 600 டிகிரி அளவில் மறுபக்கம் வெளியே வரும். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால் அந்த நீளம் முழுக்க அது தண்ணீர் போல இருக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈயத்தில் மிதந்து வந்த கண்ணாடியை வெட்டுகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

மேலே சொன்ன படிகளில் ஒன்றைக் கவனியுங்கள். 100 டிகிரி அந்தப் பட்டியலில் இல்லை. லயத்து வீட்டில் கரண்ட் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் விளக்குக்குப் புதுச் சிமினி வாங்கி வந்தால் அம்மா அதைப் பானைத் தண்ணீரில் போட்டு, கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிட்டுத்தான் மாட்டுவார். அப்படிச் செய்தால் வெடிக்காது என்று நம்பிக்கை. கொதிநீரால் கண்ணாடியின் உள்ளிழுப்பு தீராது, அதற்கு 500 டிகிரி வேண்டும். ஆனாலும் அம்மாவின் பழக்கத்தில் ஒரு பயன் உண்டு. ஏற்கெனவே விரிசல் உள்ள சிமினி பானையிலேயே உடைந்துவிடும், விளக்கின் மேல் உடையாது.

அந்தச் சிமினிகள் பெரும்பாலும் மழை நாளில்தான் போகும். தகரக் கூரையில் ஒழுகிய ஒரே ஒரு சொட்டு சூடான கண்ணாடியில் விழுந்தால் "டிக்" என்று ஒரு சத்தம், உடனே கீறல். அமெரிக்க ரயில்வே கைவிளக்குகளுக்கும் இதே தொல்லைதான். மழையும் பனியும் பட்டுக் கண்ணாடி வெடித்தது. சூட்டில் அதிகம் விரியாத கண்ணாடியைத் தேடிய அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1915-இல் பைரெக்ஸ் சமையல் பாத்திரம் வந்தது. அதற்கு முன்பே ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் போரான் கலந்த கண்ணாடியை உருவாக்கியிருந்தார்.

மூன்றாவது: சூட்டின் அளவை விட, சூட்டு வித்தியாசத்தைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கண்ணாடி சூட்டினால் உடைவதில்லை. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்றால்தான் உடைகிறது.

சாதாக் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத்துக்கு, 40 டிகிரி சூடேறினால், 0.36 எம்.எம். விரியும். நாலைந்து தலைமுடியின் தடிமன்தான். முழுக் கண்ணாடியும் சேர்ந்து விரிந்தால் ஒன்றும் ஆகாது. நடுப்பகுதி விரிய, ஓரம் விரியாமல் நின்றால், நடுப்பகுதி ஓரத்தை இழுக்கும். ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 0.6 மெகாபாஸ்கல் இழுவிசை (ஒரு மெகாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு). 40 டிகிரிக்கு 25. வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் இருக்கும், அவை அந்த அளவு இழுப்பைத் தாங்குமா என்பது சந்தேகம். சாதாக் கண்ணாடிக்கு 40 டிகிரி வித்தியாசம்தான் எல்லை என்று சொல்வது இதனால்தான்.

கண்ணாடியை அமுக்கினால் அது மிக நன்றாகத் தாங்கும். இழுத்தால்தான் பலவீனம். 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற பொறியாளர் இதன் காரணத்தைக் காட்டினார். மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களின் நுனியில் இழுப்பு முழுவதும் குவிந்துவிடுகிறது. அமுக்கும்போது அதே கீறலின் வாய் மூடிக்கொள்கிறது. இந்த ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தானாக வரும்.

இப்போது தே கடைக்குப் போங்கள். கொதிக்கும் தேநீரை அறைச் சூட்டில் உள்ள தடித்த அடிக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றுகிறார்கள். உள்பக்கம் உடனே விரியப் பார்க்கிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ச்சி. உள்பக்கம் அமுக்கப்படுகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. மெல்லிய தம்ளராக இருந்தால் சூடு சட்டென்று மறுபக்கம் போய்விடும், இழுப்பு நிற்காது. தடித்த அடிதான் பிளக்கும். தடிப்பாக இருந்தால் பலம் என்று நினைப்பது இந்த இடத்தில் தவறு. தம்ளரில் ஒரு கரண்டியைப் போட்டுவிட்டு ஊற்றுவது நல்ல வழக்கம்தான், கரண்டி கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இதை விட மோசமானது சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படுவது. அப்போது தண்ணீர் பட்ட மேற்பரப்புதான் சுருங்கப் பார்க்கிறது, அதனால் அந்த மேற்பரப்பே இழுபடுகிறது. சிராய்ப்புகள் இருப்பதும் அதே பரப்பில்தான். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நின்ற காருக்கோ கடைக் கண்ணாடிக்கோ குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். கண்ணாடி மூடிய எரிவாயு அடுப்பையும் சூட்டோடு ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

சன்னல் வேலையில் இது எப்படி வரும் என்றால்: மேற்கு பார்த்த சன்னல், வாடிக்கையாளர் பிறகு யாரையோ வைத்துக் கறுப்புப் படலம் ஒட்டுகிறார். நடுப்பகுதி வெயிலைக் குடிக்கிறது. ஓரம் அலுமினியச் சட்டத்துக்குள் நிழலில் இருக்கிறது. மூன்று வாரத்தில் கீறல். "நீங்க மாட்டுனது சரியில்ல" என்று போன் வரும். போய்ப் பாருங்கள். சூட்டினால் வந்த கீறல் ஓரத்தில் தொடங்கும், அந்த ஓரத்துக்குச் செங்குத்தாகச் சில சென்டிமீட்டர் நேராக உள்ளே போய், அப்புறம்தான் வளையும். கல் பட்டு உடைந்தால் பட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் போல எல்லாப் பக்கமும் ஓடும். கீறலின் தொடக்கத்தை விரலால் காட்டி விளக்கினால் வாடிக்கையாளருக்கும் புரியும், சண்டை வராது. இனி அந்தச் சன்னலுக்குச் சாதாக் கண்ணாடி வேண்டாம், சுமார் 200 டிகிரி வித்தியாசம் வரை தாங்கும் டெம்பர் போடுங்கள்.

கடைக்கு வெளியே வெயிலில் கண்ணாடிகளை அடுக்கிச் சாத்தி வைப்பதும் இதே தவறுதான். நடுவில் உள்ள தகடுகளில் சூடு அடைபடும், ஓரங்கள் காற்றில் ஆறும், உள்ளே இருப்பது கீறும். நிழலில் வையுங்கள், இடையில் காகிதம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காகிதமில்லாமல் ஒட்டிக் கிடந்தால், இடுக்கில் நின்ற தண்ணீர் கண்ணாடியிலிருந்து சோடியத்தை வெளியே இழுத்து வெள்ளைக் கறை பிடித்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

நான்காவது: டெம்பரா, சாதாவா என்று கண்டுபிடிப்பது

டெம்பர் செய்வது எப்படி என்று முதலில் தெரியட்டும். வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டு முடித்த கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். உடனே இரண்டு பக்கமும் வேகமான குளிர்காற்று. தோல் முதலில் உறைந்து கெட்டியாகிறது. உள்பகுதி இன்னும் இளகிய நிலை. அப்புறம் உள்பகுதி ஆறும்போது சுருங்கப் பார்க்கும். கெட்டியாகிவிட்ட தோல் விடாது. அதனால் உள்பகுதி எந்நேரமும் தோலை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். தோல் நிரந்தரமாக அமுக்கப்பட்டிருக்கும், குறைந்தது 69 மெகாபாஸ்கல் என்று அமெரிக்கத் தரவிதி கேட்கிறது. தடிமனில் இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு அமுக்கு, நடுவில் இழுப்பு.

கீறல்கள் இருப்பது தோலில். தோல் அமுக்கப்பட்டிருப்பதால் கீறலின் வாய் மூடியிருக்கிறது. கண்ணாடியை உடைக்க வேண்டுமானால் முதலில் அந்த 69-ஐத் தாண்டி இழுக்க வேண்டும். பலம் அங்கிருந்து வருகிறது. ஆனால் தோலைத் தாண்டி ஒரு கீறல் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைபட்டுக் கிடந்த இழுப்பு முழுவதும் ஒரே கணத்தில் விடுபடும். என் கிரைண்டர் அன்றைக்குச் செய்தது அதுதான்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு இதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். வால் முளைத்த துளி போல வரும். தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும், வாலைக் கிள்ளினால் முழுதும் தூளாகும். யாரும் கடையில் செய்து பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

சரி, அடையாளம் காண்பது எப்படி?

மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். டெம்பர் ஆலைகள் பெரும்பாலும் அழியாத சிறு முத்திரை போடும். இல்லாவிட்டால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கையுறையோடு. டெம்பர் ஓரம் எப்போதும் தேய்த்து மழுப்பப்பட்டிருக்கும். ஆனால் மழுப்பிய ஓரமெல்லாம் டெம்பர் அல்ல, மேசைக்கு வெட்டிய சாதாக் கண்ணாடியையும் நாம் தேய்க்கிறோமே.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒளியைக் கேளுங்கள். கடைக் கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அந்தத் திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில்கூடக் கிடைக்கும். அதைத் திரைக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போகும். கறுக்கவில்லை என்றால் அது வெறும் நிறக் கண்ணாடி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இப்போது திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவே நீங்கள் சோதிக்க வேண்டிய துண்டை நீட்டுங்கள். சாதாக் கண்ணாடி என்றால் இருட்டு இருட்டாகவே இருக்கும். டெம்பர் என்றால் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரியும், ஓரங்களிலும் துளைகளைச் சுற்றியும் அதிகமாக. பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் அடிக்கோலை நீட்டிப் பாருங்கள், வானவில் மாதிரி நிறம் வரும். அதை வைத்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

உள்ளிழுப்பு உள்ள கண்ணாடியில் ஒளி இரண்டு திசையில் இரண்டு வேகத்தில் போவதால் இது நடக்கிறது. அணு வலை ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் நிற்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. மாலை நேரத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னே போகும் காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். ஆலையில் காற்றுக் குழாய்கள் ஊதிய இடங்கள் அவை. எத்தனை வருடமானாலும் அந்தத் தடம் போவதில்லை. முதன்முதலாக அதைப் பார்த்த மாலை நான் மோட்டாரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

டெம்பர் என்று உறுதியானால் வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். எல்லாம் ஆலைக்கு அனுப்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அளவை மூன்று முறை எடுங்கள், மேலே, நடுவே, கீழே. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் நேராக இருப்பதில்லை. துளையின் விட்டம் கண்ணாடித் தடிமனுக்குக் குறையக் கூடாது. துளைக்கும் ஓரத்துக்கும் இடையே தடிமனைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

யாரும் தொடாமலே டெம்பர் கண்ணாடி வெடித்தது என்று வாடிக்கையாளர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணாடிக்குள் எப்போதாவது நிக்கல் சல்ஃபைடு என்ற நுண்துகள் மாட்டிக்கொள்ளும். அது 379 டிகிரிக்கு மேல் ஒரு வடிவம், கீழே சற்றுப் பெரிய வேறொரு வடிவம். டெம்பர் செய்யும்போது வேகமாகக் குளிர்வதால் சின்ன வடிவத்திலேயே அடைபட்டுவிடும். அப்புறம் மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து மெல்லப் பருக்கும். இழுப்பு உள்ள நடுப்பகுதியில் அது இருந்தால் ஒரு நாள் கண்ணாடி போய்விடும். துண்டுகள் இன்னும் சட்டத்தில் ஒட்டி நின்றால் தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் அடுத்தடுத்து நிற்கும். உயரமான இடங்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, சூட்டறையில் வைத்துச் சோதித்த கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். துகள் உள்ளவை பெரும்பாலும் ஆலையிலேயே உடைந்துவிடும்.

கைப்பேசிக் கண்ணாடியிலும் இதே தந்திரம்தான், ஆனால் காற்றால் அல்ல. உருகிய பொட்டாசிய உப்பில், 400 டிகிரி அளவில் முக்கி வைப்பார்கள். சிறிய சோடியம் வெளியே போய், பெரிய பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கி உட்காரும். தோல் அமுக்கப்படும்.

ஐந்தாவது: கட்டர் சக்கரத்தின் அடியில் நடப்பது

கண்ணாடியை நாம் வெட்டுவதே இல்லை. ஒரு கோட்டில் அழுத்தி, ஒரு விரிசலைத் தொடங்கிவைத்து, அப்புறம் பிளக்கிறோம்.

உங்கள் கை கட்டர் மேல் கொடுக்கும் விசை சில கிலோதான். ஆனால் சக்கரம் கண்ணாடியைத் தொடும் இடம் மயிரிழை அளவு. அதனால் அந்த இடத்தில் அழுத்தம் ஜிகாபாஸ்கல் (ஆயிரம் மெகாபாஸ்கல்) கணக்கில் போகிறது. கண்ணாடியில் நிலையான தடம் பதிய ஐந்தரை ஜிகாபாஸ்கல் அளவு வேண்டும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல். உலகின் மிக ஆழமான கடலடியில்கூட ஆயிரத்து நூறு மடங்குதான். பூமிக்கு அடியில் மிக ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை நீங்கள் தினமும் கையில் பிடித்து இழுக்கிறீர்கள்.

அந்த அழுத்தத்தில் கண்ணாடியின் வலை என்ன ஆகிறது? படி அரிசியைத் தட்டிக் குலுக்கி அமுக்கினால் கீழே இறங்கும் இல்லையா, அதே அரிசி, குறைந்த இடம். கண்ணாடி வலையில் நிரை இல்லாததால் காலி இடங்கள் நிறைய. அழுத்தும்போது இணைப்புகள் மடங்கி அந்தக் காலி இடங்களுக்குள் சரிகின்றன. சுத்தமான சிலிக்காக் கண்ணாடியைப் பெரும் அழுத்தத்தில் வைத்து எடுத்தால் அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்று பிரிட்ஜ்மனும் சைமனும் 1953-இல் காட்டினார்கள். பத்து ஜிகாபாஸ்கலுக்கு மேல் போனால் சுருங்கியது சுருங்கியபடியே நிற்கும். மேலும் அழுத்தினால் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு வரை கூடிவிடும். இன்னும் மேலே போனால், நான்கு ஆக்சிஜனைப் பிடித்திருந்த சிலிக்கான் ஆறு ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்கும். சூட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சுருக்கம் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே நடக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சுருங்கிய கண்ணாடியை அழுத்தமில்லாமல் மறுபடி சூடாக்கினால், உருகும் சூட்டுக்கு வெகு கீழேயே, அது பழைய இடத்தைத் தேடி விரியும்.

சன்னல் கண்ணாடி அவ்வளவு சுருங்காது. சோடியம் அந்தக் காலி இடங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் வலை பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். சக்கரம் கடந்து போன பிறகு அந்த நசுங்கிய கோடு ஆப்பு மாதிரி இரு பக்கத்தையும் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தள்ளலில்தான் கோட்டுக்கு நேர் கீழே ஒரு செங்குத்து விரிசல் இறங்குகிறது. நமக்கு வேண்டியது அந்த விரிசல் மட்டும்தான்.

கையை இப்படிப் பழக்குங்கள். கண்ணாடியைத் துடைத்து, தட்டையான மேசையில், மெல்லிய கம்பளம் விரித்து வையுங்கள். சக்கரத்தில் ஒரு துளி மண்ணெண்ணெய். எதிர் ஓரத்திலிருந்து உங்கள் பக்கம் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், ஓரம் முதல் ஓரம் வரை இழுங்கள். சரியாக வந்தால் பட்டுத்துணி கிழிவது போலத் தொடர்ச்சியான மெல்லிய சத்தம், கோடு தலைமுடி மாதிரி, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளையாகத் தூள் கொட்டி, சில்லுகள் துள்ளினால் அழுத்தம் அதிகம். பக்கவாட்டு விரிசல்கள் கிளம்பிவிட்டன, ஓரம் பலவீனமாகிவிட்டது. அந்த ஓரம்தான் பிறகு வெயிலில் கீறும். பெரும்பாலான புதியவர்கள் அதிகம்தான் அழுத்துகிறார்கள்.

ஒரே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். நசுங்கிய இடத்தை மறுபடி நசுக்கினால் விரிசல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, சக்கரமும் போய்விடும். கோடு போட்டதும் காக்க வைக்காமல் பிளந்துவிடுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து பிளந்தால் கோடு சொன்ன பேச்சு கேட்காது என்று மூத்தவர்கள் சொல்வது அனுபவம். ஆப்பின் தள்ளல் ஆற ஆறத் தளர்ந்துவிடுகிறது, பக்கவாட்டிலும் விரிசல் கிளம்பிவிடுகிறது. அதோடு, காற்றிலுள்ள ஈரம் விரிசல் நுனியில் இழுபட்டு நிற்கும் இணைப்புகளை மெல்ல அறுக்கும். ஓரத்தில் அடிபட்ட சாதாக் கண்ணாடி மாட்டி ஒரு வாரம் கழித்துத் தானாகக் கீறுவதற்கும் இந்த ஈரம் ஒரு காரணம். அதனால் ஓரம் சில்லு பெயர்ந்த கண்ணாடியை "பீடிங் (சட்டத்தின் ஓரப்பட்டை) மறைச்சிடும்" என்று மாட்டாதீர்கள். ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள், அது சாதாக் கண்ணாடியாக இருந்தால் மட்டும்.

தூக்குவது பற்றி

ஒரு சதுர மீட்டர், ஒரு எம்.எம். தடிமனுக்கு இரண்டரை கிலோ. ஐந்து எம்.எம். என்றால் பன்னிரண்டரை. பத்து எம்.எம். கதவு ஒன்று ஐம்பது கிலோவை நெருங்கும், ஒற்றையாளாகத் தூக்க வேண்டாம். எப்போதும் நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே வளையும், அடிப்பரப்பு முழுவதும் இழுபடும். கீழே வைக்கும்போது சிமெண்டுத் தரையில் மூலையை ஊன்றாதீர்கள், இரண்டு மரக்கட்டை போட்டு வையுங்கள். கையுறை, கண் கவசம், மூடிய காலணி. சிலிப்பரோடு வருகிற பையனை எந்தத் தவுக்கேயும் (முதலாளியும்) கண்ணாடிப் பக்கம் விடக் கூடாது என்பது என் கருத்து.

முதல் வாரத்துக்கு

கழிவுப் பெட்டியிலிருந்து மூன்று எம்.எம். சாதாத் துண்டுகள் இருபது எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு, ஒன்று லேசாக, ஒன்று அழுத்தி. பிளந்த ஓரங்களை வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேசான கோட்டின் ஓரம் தண்ணீர் வெட்டியது போல மழமழவென்று இருக்கும், அழுத்திய கோட்டின் ஓரத்தில் பல் பல்லாகச் சில்லுகள் நிற்கும். பத்தாவது துண்டு தாண்டும்போது கோட்டைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டே எது சரியாகப் பிளக்கும் என்று சொல்லிப் பாருங்கள். இருபதில் பதினைந்து சரியாக வந்த பிறகு நான்கு எம்.எம். எடுங்கள்.